முந்திய வண்டி

சர்புன்னிசாவுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஆனால் புருஷன் ஓட்டுகிற பஸ்ஸில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற வேலவன் பஸ்ஸுக்கு அப்துல் ஹக்தான் டிரைவர். "வூட்டுப் பொம்பளைங்க என் வண்டியில ஏற வேணாம், எனக்குக் கை ஓடாது" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டான். அதைக் கூச்சம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவன் அப்படிப்பட்டவன்தான். குழம்பில் உப்பு இல்லையென்றால் வாயைத் திறக்காமல் எழுந்துபோய்த் தானே எடுத்துப் போட்டுக்கொள்வான். வாசலில் கோழிக்குஞ்சு படுத்திருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இறக்குவான். "எம்புள்ள பேசுறது பக்கத்து வூட்டுக்குக் கேட்டதில்ல" என்று மாமியார் சைதுன் பீவி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

அந்த ஆனி மாதத்துக் காலையில், சிதம்பரத்தில் இருக்கும் அக்காள் ரசியாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னான். சர்புன்னிசா அரக்கப் பரக்கக் கிளம்பித் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் போன புகைதான் மிச்சமிருந்தது. அடுத்த பாசஞ்சர் மத்தியானத்துக்கு மேல்தான். துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கிளம்புகிற நிலையில் நின்றது வேலவன்தான். யோசிக்க நேரமில்லை. ஏறி, டிரைவருக்குப் பின்னாலிருந்த பெண்கள் ஸீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடியில் அவளைப் பார்த்ததும் ஹக் சட்டென்று திரும்பினான்.

"நீ இதுல எங்க வந்தே?"

"ரசியாக்காவுக்கு முடியலியாம் மச்சான். ரயிலு போயிருச்சு."

"பின்னாலயே மங்களம் பஸ்ஸு வருமே. அதுல வாயேன்."

"ஏறி உக்காந்தவள எறங்கச் சொல்றீங்களா?"

அவன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். கண்டக்டர் பக்கிரி விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

நகர்ந்தது என்று சொல்வதுகூட அதிகம். ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு இடையில் ஜட்கா, சைக்கிள் ரிக்‌ஷா, தள்ளுவண்டிக்காரர்கள், நெய்வேலிப் பக்கம் போகிற லாரி ஒன்று. சர்புன்னிசா சின்ன வயதில் பார்த்தபோது இதே தெருவில் ஆடுகள் நடு ரோட்டில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். இப்போது ஒரு மனிதன் குறுக்கே கடப்பதற்குள் உயிர் போய்த் திரும்புகிறது. ரோடு மட்டும் அன்று இருந்த அதே அகலத்தில் இருந்தது.

போதாக்குறைக்கு ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்தவர்கள் பின்னால் நிற்கப் பொறுக்காமல் ரோட்டின் வலது பாதியிலும் போய் அடைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் வந்தவர்களும் அதையே செய்தார்கள். கூட்ஸ் வண்டி போய்க் கேட் திறந்ததும் இரண்டு படைகள் நேருக்கு நேர் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. வண்டிக்காரன் ஒருவன் இறங்கி அடுத்தவனுடைய மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவன் சாட்டையை ஓங்கினான். எல்லா வண்டிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன.

பஸ்ஸுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. ஜன்னலோரம் விசிறிக்கொண்டிருந்த சுப்பராயலு என்கிற மளிகைக்கடைக்காரர் முதலில் குரல் கொடுத்தார். சிதம்பரம் கீழ வீதியில் அவருக்குக் கடை. வாரம் தவறாமல் இந்தப் பஸ்ஸில் சரக்கெடுக்க வந்து போகிறவர்.

"என்னாப்பா ஹக்கு, இங்கியே பாயப் போட்டுப் படுத்துக்கலாமா?"

ஹக் ரப்பர் ஹாரனை அழுத்தினான். நெரிசல் ஒருவழியாகக் கலைந்து, கேட்டைத் தாண்டுகிற நேரத்தில் பின்னாலிருந்து மங்களம் பஸ் எப்படியோ இடுக்கில் நுழைந்து இவர்களை முந்திக்கொண்டு போனது. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி கையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனான்.

"போச்சு" என்றார் பக்கிரி. "வழியில நிக்கிற டிக்கெட்டெல்லாம் அவன் வாரிக்கிட்டுப் போயிடுவான்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சர்புன்னிசாவால் முதலில் நம்பவே முடியவில்லை.

கடைகள் தீர்ந்து ரோடு திறந்ததும் பஸ் உறுமியது. புளியமரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் பறந்தன. குடிகாட்டுக்கருகே சைக்கிளில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு போன ஒரு கிழவர் ஹாரன் சத்தத்தில் தடுமாறி மண்ணில் இறங்கி விழப் பார்த்தார். பஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. செம்மங்குப்பத்தில் கை காட்டி நின்ற ஜனங்களை விட்டுவிட்டுப் போனது. அவர்கள் திட்டுவது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. தூரத்தில் மங்களம் பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது.

"அதோ போறான் பாரு!" என்றார் சுப்பராயலு, விசிறியை நீட்டி. "விடாதப்பா!"

"ஒரு அழுத்து அழுத்துங்க டிரைவர்!" என்றது பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல். யாரோ சீட்டி அடித்தார்கள். பஸ் முழுக்க ஒரே உற்சாகம். இவ்வளவு நேரம் புழுக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பந்தயம் பார்க்க வந்தவர்களைப் போல இருந்தார்கள்.

சர்புன்னிசா கண்ணாடியில் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த முகமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ வசை சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே வந்த வைக்கோல் வண்டியை நோக்கி நேராக விட்டான். வண்டிக்காரன் பயந்து மாட்டை ஒடித்தான். வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"மச்சான்!" என்று அவள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "மெதுவாப் போங்க மச்சான்!"

இரைச்சலில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. பக்கிரி குனிந்து, "அக்கா, ஓட்டும்போது அவர்ட்ட பேசாதீங்க. நாங்க லேட்டாப் போனா ஸ்டாண்டுல நிக்கிற ஜனம் பூரா அவன் வண்டியில ஏறிடும். முதலாளி எங்களத்தான் கேப்பாரு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். தினமும் நடக்கிற காரியத்தைச் சொல்கிறவர் குரல் அது. அதுதான் அவளை உலுக்கியது. தினமும் இப்படித்தானா? ராத்திரி வந்து குழந்தை மாதிரிச் சோறு தின்றுவிட்டுப் படுக்கிற மனுஷன், தினமும் இதைச் செய்துவிட்டா வந்து படுக்கிறான்?

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி மங்களம் பஸ்ஸின் வாலைப் பிடித்துவிட்டார்கள். சிதம்பரம் நெருங்கியது. ஆனித் திருமஞ்சனத்துக்கு ஊரில் கூட்டம் சேர்ந்திருந்தது. ரோட்டோரம் பந்தல்காரர்கள், வளையல் கடைக்காரர்கள், மூட்டை முடிச்சோடு குடும்பம் குடும்பமாக நடப்பவர்கள். ஊர் எல்லையில் மங்களம் பஸ் இடது பக்கம் ஒதுங்கி ஆள் இறக்க நின்றது.

"நின்னுட்டான், நின்னுட்டான்! இப்பப் போ!" என்று சுப்பராயலு எழுந்தே நின்றுவிட்டார்.

ஹக் வலது பக்கம் ஒடித்து, நின்ற பஸ்ஸை உரசுகிற மாதிரி ஏறினான். அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி, பஸ்ஸின் முன்னால் சுற்றி வந்து ரோட்டைக் கடப்பதற்காக நடந்து வந்தாள். கையில் விரித்த குடை. முதலில் குடைதான் சர்புன்னிசாவின் கண்ணில் பட்டது. பிறகு அந்தம்மாளின் முகம், அப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பிய முகம். பயப்படக்கூட அந்த முகத்துக்கு நேரமில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. மூட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பிரேக்கின் கிறீச்சல்.

பஸ் நின்றது. ஹக் ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பாம், பாம், பாம். ரோட்டில் எதிரே ஒருவரும் இல்லை. யாருக்கு அடிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கிரி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

சர்புன்னிசா எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அந்தம்மாள் ரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் பையிலிருந்து தையல் நூல்கண்டுகள் தெறித்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தார் ரோட்டில் உருண்டு கிடந்தன. "ஐயோ, நம்ம தையல் டீச்சரு! ஞானாம்பா டீச்சரு!" என்று பூக்காரி ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். சர்புன்னிசா உட்கார்ந்து அந்தத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். துப்பட்டியைக் கழற்றிக் காதுக்கு மேலே அழுத்தினாள். வெள்ளைத் துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது.

பின்னால் கூச்சல் கேட்டுத் திரும்பினாள். ஹக்கை ஸீட்டிலிருந்து இழுத்துக் கீழே தள்ளியிருந்தார்கள். முதலில் அவன் சட்டையைப் பிடித்தவர் யார் என்று பார்த்தாள். சுப்பராயலு. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறான்யா! படுபாவி! நாங்க அப்பவே சொன்னோம்!"

சீட்டி அடித்த பையன்கள், கைகொட்டிச் சிரித்தவர்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஹக் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அடி வாங்கிக்கொண்டு அந்தம்மாள் கிடந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். சர்புன்னிசாவுக்கு, "நீங்கதானேய்யா ஓட்டச் சொன்னீங்க" என்று கத்த வேண்டும் போலிருந்தது. சத்தம் வரவில்லை. மடியில் இருந்த தலை லேசாக அசைந்தது.

"அந்தப் பஸ்ஸு நின்னுட்டுதேன்னுதான் வந்தேன்" என்றாள் ஞானாம்பாள். ஏதோ தப்புச் செய்துவிட்டு விளக்கம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "நின்னுச்சில்ல?"

"நின்னுச்சும்மா, நின்னுச்சு" என்றாள் சர்புன்னிசா.

ஒரு ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்கத் திருவிழாக் கூட்டம். வண்டிக்காரர் "வழி, வழி" என்று தொண்டை கிழியக் கத்தியும் விலகுவாரில்லை. ஒருவர் குதிரையைப் பிடித்து நிறுத்தி, "யாரு, என்னாச்சு?" என்று உள்ளே எட்டிப் பார்த்து விசாரித்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் ஞானாம்பாளின் கை சர்புன்னிசாவின் கைக்குள் குளிர்ந்துபோயிருந்தது. உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வெயில் சாய்வதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

ஞானாம்பாளின் தம்பி மணவாளன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். வளைந்துபோன குடைக் கம்பியை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய்த் தான் யார் என்று சொல்ல சர்புன்னிசாவுக்குத் துணிவு வரவில்லை. ரத்தம் காய்ந்த சேலையோடு தூணோரம் நின்றாள்.

அப்போதுதான் பஸ் கம்பெனியின் சிதம்பரம் ஏஜென்ட் வந்தார். அவளைத் தனியே அழைத்தார்.

"தங்கச்சி, பயப்படாதே. ஹக்கு நம்ம பையன். எல்லாம் பேசியாச்சு. அந்தம்மா கொடையப் பிடிச்சுக்கிட்டுப் பாக்காம குறுக்க ஓடியாந்துச்சு, டிரைவரு மேல குத்தமில்ல. பஸ்ஸுல இருந்தவங்க அப்புடித்தான் சாட்சி சொல்லியிருக்காங்க. இன்ஸ்பெக்டரு வருவாரு. நீயும் அதையே சொல்லிடு."

"யாருங்க அப்புடிச் சொன்னது?"

"சுப்பராயலுதான் மொதல்ல சொன்னாரு. பெரிய மனுஷன் வார்த்த. அவரு சரக்கு பூரா நம்ம வண்டியிலதானே வருது."

விடாதே என்று கத்தியவர், செருப்பால் அடித்தவர், இப்போது அந்தம்மாள் ஓடி வந்தாள் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். ஒரே வாய். ஒரே பகல். ஓட்டியவனின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நீதான் டிரைவர் சம்சாரமா? முன்னாடியே உக்காந்திருந்தியாமே. அந்தம்மா ஓடி வந்ததப் பாத்தியா?"

மணவாளன் குடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஏஜென்ட் தொண்டையைக் கனைத்தார்.

"ஓடலீங்க" என்றாள் சர்புன்னிசா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நடந்துதான் வந்தாங்க. முன்ன வந்த பஸ்ஸு நின்னுச்சு. நின்ன பஸ்ஸுக்கு முன்னால யாராச்சும் வருவாங்கன்னு பாக்காம, எங்க வூட்டுக்காரருதான் வலப்பக்கம் ஏத்தி வுட்டாரு. ரொம்ப வேகம். கடலூரு கேட்டுல இருந்தே அப்புடித்தான்."

ஏஜென்ட், "தங்கச்சி!" என்றார்.

"இன்னொன்னும் எழுதிக்கங்க சார். பஸ்ஸுல இருந்தவங்க பூரா விடாத, போ, போன்னு கத்துனாங்க. சாட்சி சொன்னாரே அவரு, அவருதான் ஜாஸ்தி."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "அதையெல்லாம் எழுத முடியாதும்மா. கத்துறது குத்தமில்ல."

"அப்ப யாரு மேல குத்தம் சார்?"

"வண்டிய ஓட்டுனவன் மேல."

அவள் திரும்பி மணவாளனைப் பார்த்தாள். பிறகு, "சரி, அத எழுதிக்கங்க" என்றாள்.

ரசியாவின் புருஷன் ஜாமீன் கொடுத்து மறுநாள் ஹக்கை வெளியே கொண்டுவந்தார். ரசியாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து, தங்கையையும் அவள் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஹக்கின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"எல்லாரும் எனக்காவ சொன்னாங்க" என்றான். "நீ ஒருத்திதான் மாத்திச் சொன்னே."

"அவுங்க தலைய மடியில வச்சிருந்தவ நான் மச்சான். ஓடியாந்தாங்கன்னு எப்புடிச் சொல்லுவேன்?"

"என்னை உள்ள தள்ளிருவாங்க, தெரியுமா?"

"தெரியும்."

அவன் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். பிறகு பேச ஆரம்பித்தான். அவளிடம் அவன் அத்தனை பேசி அவள் கேட்டதே இல்லை. "நான் இந்த ரூட்டுக்கு வந்தப்ப ரோட்டுல வேலவனும் இன்னொரு வண்டியுந்தான். இத்தன மணிக்குப் போய்ச் சேரணும்னு அப்ப போட்ட டயம் புள்ள அது. இப்ப பஸ்ஸுக்குப் பின்னால பஸ்ஸு, லாரி, வண்டி, ஜனம். டயம் மட்டும் அதேதான். கேட்டுல நின்ன நேரத்த யாரு குடுப்பா? ரோட்டுலதான் புடிக்கணும். மெதுவாப் போன அன்னிக்கு உள்ள இருக்கறவங்க ஏசுவாங்க, போய்ச் சேந்தா முதலாளி ஏசுவாரு. வேகமாப் போனா பலே டிரைவருன்னுவாங்க." நிறுத்தினான். வீங்காத கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. "எனக்கும் அது புடிச்சிருந்துச்சு. அதான் உன்ன ஏற வேணாம்னேன்."

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் எவ்வளவோ சைகை காட்டியும் ஹக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவளிடம் சொன்னதை அங்கேயும் சொன்னான், தனக்கும் அது பிடித்திருந்தது என்பது உட்பட. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். டயத்தைப் பற்றி விசாரிக்க மேலே எழுதுவதாகச் சொன்னார். லைசென்ஸை ரத்து செய்து, ஜெயிலும் போட்டார். கோர்ட் வாசலில் மணவாளன் சர்புன்னிசாவுக்கு எதிரே வந்து நின்றான். கையைக் கூப்பிவிட்டு நடந்தான்.

சைதுன் பீவி மருமகளை வாசற்படி ஏறவிடவில்லை. "எம்புள்ளையக் காட்டிக் குடுத்தவ மொகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சர்புன்னிசா ரசியா வீட்டில்தான் இருந்தாள். தெருவில் வேலவன் போகிற சத்தம் கேட்கும். வேறு டிரைவர். அதே வேகம். சில நாள் பிந்திய வண்டி முந்திப் போவதை ஜன்னல் வழியே பார்ப்பாள். மேலே எழுதிய விசாரணை என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, ஹக் ரசியா வீட்டு வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். ஜெயிலிலிருந்து கடலூர் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருந்தான்.

"அம்மா உன்ன ஏத்துக்குவாங்களான்னு தெரியல" என்றான். "கடலூர் ஓல்ட் டவுன்ல தனியா ஒரு ரூம் பாத்துக்கலாம். துறைமுகத்துல மூட்ட தூக்குற வேல இருக்குதாம். வர்றியா?"

அவள் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். ரயிலுக்குப் போக இருவரும் நடந்தார்கள். ஸ்டேஷன் தெருவுக்குப் போகப் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். ரோட்டோரத்துக்கு வந்ததும் ஹக் நின்றுவிட்டான். ஒரு லாரி போனது. சைக்கிள்கள் போயின. பிறகு ரோடு காலியாக இருந்தது. அவன் கால் எடுத்து வைக்கவில்லை. தூரத்தில் ஒரு பஸ் புள்ளியாகத் தெரிந்தது. எத்தனையோ வருஷம் அந்த ரோட்டை ஆண்ட மனுஷன், நெற்றியெல்லாம் வேர்த்து, ஓரத்துக் கல்லை விட்டு அசையாமல் நின்றான்.

"இன்னும் தூரத்துல இருக்கு மச்சான். போயிடலாம்" என்றாள்.

"வேணாம். அது போவட்டும்."

பஸ் நெருங்கி, இரைந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. டிரைவர் பழைய கூட்டாளி போலிருக்கிறது. ஹக்கை அடையாளம் கண்டுகொண்டு, சிரித்து, இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். ஹக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஒரு அடி பின்வாங்கினான். புழுதி அடங்கும்வரை அவள் அவன் பக்கத்திலேயே நின்றாள். பிறகு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாக அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.